டேட்டா.மேப்: எல்லைக் கீ எங்கே போகிறது?

நேரவாரியாக அடுக்கிய பதிவுகளில் ஓர் இடைவெளியை மட்டும் எடுக்க, ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியின் டேட்டா.மேப் (கீ எனும் தேடுகுறிகளையும் அவற்றுக்குரிய மதிப்புகளையும் கீ வரிசையில் மர வடிவில் அடுக்கி வைக்கும் நூலகம்) போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதைப் பல ஆண்டுகளாக அன்றாட வேலைக்கு வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இத்தனை செயற்கூறுகள் கொண்ட நூலகத்தில், கீழெல்லையையும் மேலெல்லையையும் வாங்கிக்கொண்டு இடைப்பட்டதைத் தரும் செயற்கூறு ஒன்று, நான் பயன்படுத்திய எந்தப் பதிப்பிலும் இல்லை. நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை வடிகட்டும் ஃபில்டர் எளிதுதான்; ஆனால் ஐம்பது பதிவுகளுக்காக 10 லட்சம் பதிவுகளையும் அது தொட்டு வரும். லாக் என் நேரத்தில், அதாவது பதிவுகள் பல மடங்கானாலும் சில படிகளே கூடும் வேகத்தில், முடிக்கும் ஸ்பிளிட்டோ, 10 என்ற கீயில் அழைத்தால் சிறியவற்றை ஒரு மரமாகவும் பெரியவற்றை இன்னொரு மரமாகவும் தந்துவிட்டு, 10-ஐ இரண்டிலும் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. இரு எல்லைகளும் வேண்டுமென்றால் எல்லைக் கீயின் மதிப்பையும் தனியே தரும் ஸ்பிளிட்லுக்அப்பை இருமுறை அழைத்து, கிடைத்த மதிப்புகளை மீண்டும் செருக வேண்டும். இதை ஒவ்வொரு திட்டத்திலும் புதிதாக எழுதுவது எனக்குச் சலிப்பாகவே இருக்கிறது.

0.5.8 பதிப்பில் வந்த டேக்வைல்ஆன்டிடோன் (நிபந்தனை உண்மையாக இருக்கும் தொடக்கப் பகுதியை எடுப்பது), டிராப்வைல்ஆன்டிடோன் (அப்பகுதியை விட்டு மீதியைத் தருவது) ஆகிய இரண்டையும் இணைத்தால் எல்லைச் சிக்கல் தீர்கிறது. ஸ்பிளிட்டைப் போல வேண்டாத பாதியையும் கட்டியெழுப்பாமல் வேண்டிய பக்கத்தை மட்டும் அமைக்கின்றன. ஆனால் நாம் தரும் நிபந்தனை ஓரிடம் வரை உண்மையாகவும் அதன்பின் பொய்யாகவும் இருக்கிறதா என்பதை, நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் சோதிப்பதில்லை.

இவ்வளவு குறை சொல்லியும் நான் வியக்கும் ஒன்று உண்டு. ஒவ்வொரு முனையும் தன் கிளைமரத்தின் அளவைத் தன்னிடமே வைத்திருப்பதால், வெட்டியெடுத்த இடைவெளியில் எத்தனை பதிவுகள் என்பது எண்ணாமலே உடனே கிடைக்கிறது. மூல மரம் மாறாமல் நிற்க, புதிய மரம் அதன் கிளைகளையே பகிர்ந்துகொள்கிறது. முழு எண் கீகளுக்கு வேகமானது என்று பலர் சொல்லும், அதே நூலகத் தொகுப்பின் இன்ட்மேப்பில் அளவு கேட்டால் அது எண்ணித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில் 'வேண்டாம்' என்பதே. அவர் குழுவினர் இம்மொழிக்குப் புதியவர்கள். ஸ்காலா என்ற இன்னொரு நிரல்மொழியின், இதேபோல் கீ வரிசையில் அடுக்கும் ட்ரீமேப்பில் ரேஞ்ச் என்ற ஒரே அழைப்பு, தொடக்க எல்லையைச் சேர்த்தும் முடிவெல்லையை விட்டும் அந்த வேலையை முடித்துவிடுகிறது. என் சொந்த நிரலில் டேட்டா.மேப்பை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.