கொடைக்கானல் இ-பாஸ்: நல்ல ஏற்பாடு, ஆனால் பாதி வேலைதான்

மலைக்குப் போக எதற்கு இ-பாஸ் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்காகவே எழுதுகிறேன். வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறோம் என்பது போன்ற விவரங்களைத்தான் கேட்கிறார்கள், காசும் கிடையாது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடப்பில் இருக்கிறது, 2025 கோடை சீசனுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் போனால் பாஸே வேண்டாம், என்னைக் கேட்டால் அதுதான் உத்தமம்.

சரி, குறைக்கு வருகிறேன். இது எண்ணுவது மலையேறும் வண்டியைத்தான். மேலே போனபின் எல்லாரும் தூண்பாறையிலும் குணா குகையிலும் ஒரே நேரத்தில் போய்க் குவிவதை யார் தடுப்பது? குணா குகைப் பக்கம் பின்னிக் கிடக்கும் மரவேர்கள் மேல் ஏறி நின்று படம் எடுத்து எடுத்து, வேரெல்லாம் பட்டை போய் வழுவழுவென்று ஆகிவிட்டது, பார்க்கவே வயிறு எரிகிறது. கூட்டத்தால் காடு எப்படிக் கெடுகிறது என்று ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, புது இடத்தில் முதலில் விழும் கொஞ்சக் காலடிகளே பெருஞ்சேதத்தைச் செய்துவிடும், அதனால் இருக்கிற பாதையிலேயே நடக்க விடுங்கள் என்பதுதான். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி கொடுத்து அளவாகத்தான் வண்டி விடுகிறது. அதேபோல் தூண்பாறைக்கும் நேரம் ஒதுக்கிப் பாஸிலேயே போட்டுக் கொடுத்தால் ஐந்து ஸ்டார் தருவேன், இப்போதைக்கு மூன்றரை.