கும்பகோணம் – சென்னை தனியார் இரவுப் பேருந்து: பயணச்சீட்டில் கிண்டி, இறக்கிவிட்டது கிளாம்பாக்கம்

கிண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கும் நான், சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கும்பகோணத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டிற்குப் போய், ஞாயிறு இரவு தனியார் படுக்கை வசதிப் பேருந்து ஒன்றில் சென்னை திரும்பினேன். போகும்போது அரசுப் பேருந்தில் எந்தச் சிக்கலும் இல்லை. திரும்புவதற்கு உழவன் விரைவு ரயிலில் எனக்குக் கிடைத்தது காத்திருப்போர் பட்டியல்தான் என்பதால், செயலி வழியாக 950 ரூபாய் செலுத்தி இந்தப் பேருந்தில் பதிவு செய்தேன்.

புறப்படும் நேரம் இரவு 10.15 என்று குறிக்கப்பட்டிருந்தது. பெரியம்மா இரவு உணவுக்கு இட்லியும், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்த கடப்பாவும் செய்திருந்தார். பேருந்தைத் தவறவிடக் கூடாது என்று அதை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடியதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஏனெனில் வண்டி வந்தது 11.50க்கு. இடையில் மூன்று முறை தொலைபேசியில் கேட்டபோதும் "பத்து நிமிஷத்துல வந்துடும்" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. உண்மையான நேரத்தைச் சொல்லியிருந்தால், அறுபது வயதைக் கடந்த பெரியப்பா என்னுடன் ஒன்றரை மணி நேரம் சாலையோரத்தில் நின்றிருக்க வேண்டியதில்லை.

என் படுக்கைக்கு மேலே குளிர்சாதனத் துவாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிளீனரிடம் சொன்னதும் அவர் முகம் சுளிக்காமல் வந்து, செய்தித்தாளை நான்காக மடித்துத் துவாரத்தில் செருகினார். சேத்தியாத்தோப்பைத் தாண்டுவதற்குள் அது நனைந்து கனத்துத் தலையணையின் மேல் விழுந்தது. வேறு படுக்கை காலியாக இல்லாததால், மீதி இரவைச் சுவரோரம் ஒருக்களித்துப் படுத்தே கழித்தேன். இதில் அந்தத் தொழிலாளியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பழுதான வண்டியைப் பழுது பார்க்காமல் அனுப்பிய நிறுவனமே பொறுப்பு. ஓட்டுநரும் நிதானமாகவே ஓட்டினார். விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நான்கு வழிச் சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் நீடித்த பாதை அது. பரனூர் சுங்கச்சாவடியில் திங்கட்கிழமை காலை நெரிசல் வேறு. சாலையில் ஏற்பட்ட தாமதத்தை நான் குறையாகக் கருதவில்லை.

என்னால் ஏற்க முடியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஐந்து மணிக்குச் சேர வேண்டிய வண்டி 7.10க்குக் கிளாம்பாக்கத்தில் நின்றதும், எல்லோரும் இறங்க வேண்டும் என்றார்கள். என் பயணச்சீட்டில் இறங்குமிடம் கிண்டி என்று தெளிவாக அச்சாகியிருந்தது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகளுக்கு அதுவே முனையம் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியாததல்ல. அதற்கு அப்பால் வர இயலாதென்றால், கிண்டி வரை என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கக் கூடாது.

என்னுடன் இறங்கிய முதிய தம்பதியும் கிண்டிக்கே பதிவு செய்திருந்தார்கள். அங்குள்ள கிங் வளாகத்து அரசு பன்னோக்கு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர்கள். அந்த ஐயா எக்ஸ்ரே உறையை மடங்கிவிடாமல் மார்போடு அணைத்துப் பிடித்தபடி, "கிண்டி இதுதானா தம்பி?" என்று கேட்டார். மாநகரப் பேருந்தில் தாம்பரம் வரை அழைத்துச் சென்று, அங்கிருந்து மின்சார ரயிலில் ஏற்றி, கிண்டி நிலையத்துக்கு வெளியே ஆட்டோ பிடித்துக் கொடுத்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. எனக்கு 8.30 மணி ஆய்வக வகுப்பு போயிற்று. நான் அங்கே இல்லாதிருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை விடவில்லை.

அன்று மாலையே பயணச்சீட்டின் படத்துடன் புகார் அனுப்பினேன். நான்கு நாட்கள் கழித்து, அதே நிறுவனத்தில் அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள 100 ரூபாய் கூப்பன் வந்தது. கிண்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. செயலியில் சார்ஜ் செய்யும் வசதிக்கும் தூய்மைக்கும் தனித்தனியே மதிப்பெண் கேட்டார்கள். அவை இரண்டும் நன்றாகவே இருந்தன என்பதால் உரிய மதிப்பெண்ணைக் கொடுத்தேன். ஒட்டுமொத்தமாக ஐந்துக்கு ஒன்றுதான் கொடுக்க முடிந்தது. இந்தத் தடத்தில் பதிவு செய்பவர்கள், குறிப்பாக வயதானவர்களுக்காகப் பதிவு செய்பவர்கள், புறப்படும் முன்பே வண்டி எதுவரை வரும் என்று அலுவலகத்தில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறப்பதால், அடுத்த முறை கும்பகோணத்திலிருந்து திரும்புவதற்கு உழவனில் இப்போதே இடம் பிடித்துவிட்டேன்.