குட்டன்பர்க்கா ஜென்னரா?

பொங்கலுக்கு எல்லாரும் காரைக்குடி வீட்ல கூடுனப்ப திண்ணைல ஆரம்பிச்ச பேச்சு இது, மனுஷ வரலாத்தையே அதிகமா மாத்துனது யாருன்னு. கடைசில ரெண்டு பேர்ல வந்து நின்னுச்சு.

சித்தப்பா குட்டன்பர்க் பக்கம். சீனாலயும் கொரியாலயும் அச்செழுத்து முன்னாடியே இருந்துச்சு, ஆனா 1450கள்ல ஜெர்மனில இவரு உலோக எழுத்த தனித்தனியா வார்த்து கோத்து அடிச்சப்புறம்தான் ஐரோப்பால புஸ்தகம் மளமளன்னு பெருகுச்சு, 1578லயே கொல்லத்துல தமிழ் புஸ்தகம் அச்சாயிருச்சு. நம்ம கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேத்து வச்சதெல்லாம் இன்னைக்கு சென்னைல நூலகமா நிக்குதே, அச்சு இல்லன்னா அது ஏதுங்கறாரு. நியாயமான பேச்சுதான்.

ஆனா நான் ஜென்னர் பக்கம். 1796ல மாட்டம்மை வந்த பால்காரப் பொண்ணு கை கொப்புளத்துல இருந்து எடுத்து எட்டு வயசுப் பையனுக்கு கீறி வச்சாரு, அப்புறம் அந்தப் பையனுக்கு பெரியம்மையே ஒட்டல. அங்க இருந்து தொடங்குனது, 1980ல உலகத்துலயே பெரியம்மை இல்லன்னு அறிவிச்சாங்க. எங்க அப்பத்தா கன்னம் பூரா குழிகுழியா தழும்பு, கூடப் படுத்த தங்கச்சி பொழைக்கல, வாசல்ல வேப்பிலை சொருகுனத இப்பவும் சொல்லும். அப்பா கைல காசளவு அம்மை குத்துன தழும்பு மட்டும்தான், எனக்கு அதுவும் இல்ல. புஸ்தகம் படிக்க முதல்ல ஆள் உசிரோட இருக்கணும்ல சித்தப்பா?