யூத சமய ஆய்வுக்கு எங்கே தேடுவது: அலமாரியா, ஓபாக்கா, இணையமா?

ஊட்டி, குன்னூர் பக்கம் கல்லூரியில் யூத சமயம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் போனில்தான் தேடத் தொடங்குகிறார்கள். நான் நூலகத்தின் ஓபாக்கில், அதாவது கணினியில் தேடும் நூல் பட்டியலில், தொடங்கச் சொல்வேன். ஏன் என்று பார்ப்போம்.

அலமாரிக்கு நேரே போனால், டூயி முறையில் (பொருளுக்கு ஓர் எண் கொடுத்து) அடுக்கிய நூலகத்தில் யூத சமயம் 296. கொஞ்சம் முன்னால் 294இல் இந்து, பௌத்த, சமண நூல்கள். அடுத்து 297இல் இஸ்லாம். சமயங்களை ஒப்பிட்டுப் படிக்கிறவருக்கு இது நல்ல வசதி, தேடாத புத்தகமும் கண்ணில் படும். ஆனால் சின்ன நூலகத்தில் 296இல் நாலைந்து புத்தகம் இருந்தாலே பெரிது. உடனே கை 220க்குப் போகும், அதாவது விவிலிய வரிசைக்கு. கிறித்தவக் கல்லூரி என்றால் அங்கே புத்தகத்துக்குக் குறைவிருக்காது.

இங்கேதான் கவனம் வேண்டும். பழைய ஏற்பாடு பற்றி அந்த வரிசையில் இருப்பவை பெரும்பாலும் கிறித்தவப் பார்வையில் எழுதியவை. யூத சமயம் அவற்றில் இயேசுவுக்கு முந்தைய முன்கதையாக வந்து முடிந்துவிடும். மிஷ்னா (வாய்மொழிச் சட்டத் தொகுப்பு), தல்மூத் (அதன் மீதான விவாதத் தொகுப்பு), 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் என்று இன்றுவரை ஓடிவரும் மரபுக்கு அங்கே இடமில்லை. 220ஐ மட்டும் நம்பி எழுதினால், யூதர்களைப் பற்றிய கட்டுரையில் யூதர்களின் குரலே இருக்காது.

ஓபாக் ஏன் முதலில்? இந்தப் பொருள் ஒரே இடத்தில் இல்லை. எபிரேய மொழி 492.4, எபிரேய இலக்கியம் 892.4, நாஜி இனப்படுகொலை 940.53, கொச்சி யூதர்கள் சில சமயம் கேரள வரலாற்றில் 954.83. நடந்து தேடினால் இவ்வளவும் சிக்காது. பட்டியலில் பொருள் தலைப்பு (நூல் எதைப் பற்றியது என்ற குறிப்பு) பதியாமல் விட்டிருந்தால், ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்: கொச்சி, கொச்சின் இரண்டையும். அப்புறம் கிடைத்த எண்களோடு அலமாரிக்குப் போகலாம்.

மூல நூல்களுக்கு மட்டும் இணையத்தை மிஞ்ச முடியாது. செஃபாரியா தளத்தில் தோராவும் (விவிலியத்தின் முதல் ஐந்து நூல்கள்) தல்மூதும் மூல மொழியிலும் ஆங்கிலத்திலும் இலவசம். 1901 முதல் 1906 வரை வெளிவந்த 12 தொகுதி யூதக் கலைக்களஞ்சியமும் அப்படியே கிடைக்கிறது. ஆனால் அது 1947இல் சாக்கடல் சுருள்கள் என்ற பழங்கால யூதக் கையெழுத்துச் சுவடிகள் கிடைப்பதற்கு முந்தையது. அதை மட்டும் மேற்கோள் காட்டக் கூடாது. புதிய நூல்களுக்கு, கல்லூரி என்-லிஸ்ட்டில் (கல்லூரிகளுக்கு மின்நூல், மின்னிதழ் தரும் திட்டம்) சேர்ந்திருந்தால் நூலகரிடம் பயனர் கணக்குக் கேளுங்கள்.

சரி, நம் ஊர் மாணவர் எதை எடுக்கலாம்? கொச்சி யூதர்களைச் சொல்வேன். சுமார் 1000ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு, தமிழுக்கு நெருக்கமான மொழியில், வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் இருக்கிறது. எபிரேயம் தெரியாத தமிழ் மாணவரும் அதன் மொழியை நெருங்கிப் படிக்கலாம். மூல வாசகத்தை கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஷ், கல்வெட்டு, செப்பேடுகளை வெளியிடும் எபிகிராஃபியா இண்டிகாவின் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். அதை 296இல் தேட வேண்டாம். வரலாற்றுத் துறை அலமாரியில் கேளுங்கள், இல்லாவிட்டால் இன்டர்நெட் ஆர்க்கைவில் இறக்கிக்கொள்ளுங்கள்.