கோண்டாவில் பக்கம் ஒரு ஸ்கூட்டி கராஜ்

மனிசியின் ஸ்கூட்டி. ஆறு வருசமாக அவதான் ஓடுறா. நான் ஓடுவது மோட்டச்சைக்கிள். ஸ்கூட்டி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதை முதலே சொல்ல வேணும்.

மூன்று மாதத்துக்கு முன் வேறொரு கராஜுக்கு இரண்டு பேரும் போனோம். "முறுக்கினால் இரைச்சல்தான் கூடுது, ஓட்டம் கூடேல்லை. பெல்ட் தேஞ்சிருக்கும் போல" என்று அவ சொன்னா. மெக்கானிக் என்னைப் பார்த்து, "பிளக்கை மாத்திப் பாப்பம் அண்ணை" என்றார். பிறகு வேப்பமர நிழலில் கதிரை போட்டு, "அக்கா, வெயிலுக்க நிக்காதேங்கோ" என்று அவவுக்குச் சோடாவும் கொடுத்தார். நல்ல மரியாதையான பெடியன் என்றுதான் நினைத்தேன். பில் என் பெயரில். ஸ்கூட்டியின் வருத்தம் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்து, ஏன் முகம் ஒரு மாதிரி என்று கேட்டேன். "அவர் என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை. நீங்களும் 'அவவைக் கேளுங்கோ' எண்டு சொல்லேல்லை" என்றா.

உளவளத்துணை டிப்ளோமா படித்தபோது, உளவியலாளர்கள் பீற்றர் கிளிக்கும் சூசன் ஃபிஸ்கும் 1996இல் எழுதியதைப் பரீட்சைக்குப் பாடமாக்கினவன் நான். பெண்ணை வெறுப்பது மட்டுமில்லை, "பாவம், அவளுக்கு ஏன் இந்தக் கரைச்சல்" என்று பொத்திப் பொத்தி வைப்பதும் பாகுபாடுதான் என்றார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த 19 நாட்டு ஆய்வில், ஒன்று கூடின நாட்டில் மற்றதும் கூடித்தான் இருந்தது. எழுதிப் புள்ளியும் வாங்கினேன். கராஜில் நிற்கும்போது ஒன்றும் உறைக்கவில்லை. அவவை ஆராவது ஏசியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். சோடா கொடுத்தவரோடு என்னெண்டு சண்டை பிடிக்கிறது?

அவவின் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்றபோதும் இப்படித்தான். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன்ர காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம். கணவன் தன்ர தனிக் காணியை விற்க அவவின் கையெழுத்துத் தேவையில்லை. நொத்தாரிசிடம் கையெழுத்து வைத்துவிட்டு, ஏதோ உதவி செய்தவன் போலத்தான் வீட்டுக்கு வந்தேன்.

போன மாதம் இந்தக் கோண்டாவில் கராஜுக்குப் போனோம். "ஆர் ஓடுறது?" என்பதுதான் முதல் கேள்வி. அவ "நான்" என்றதும் அந்தத் தம்பி என் பக்கம் திரும்பவேயில்லை. எப்ப தொடங்கினது, பின்னால ஆள் ஏறினால் கூடுதோ என்று அவவிடமே கேட்டார். மூடியைக் கழற்றிப் பழைய பெல்ட்டை அவவின் கையில் கொடுத்தார். பல்லுகளுக்கிடையில் மயிரிழை போல வெடிப்பு. புதுசைப் பக்கத்தில் வைக்க, பழையது ஒடுங்கிப் போயிருந்தது தெரிந்தது. விரலெல்லாம் கறுக்க அவ அதை வளைத்து வளைத்துப் பார்த்தா.

எனக்குக் கொஞ்சம் சுட்டது, உண்மையைச் சொல்கிறேன். ஒருவரும் ஒன்றும் கேட்காமல் ஓரமாக நிற்பது எனக்குப் புதுசு. அந்த வேப்பமரத்துக் கதிரை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பெல்ட்டும் கூலியும் 5,200 ரூபாய். பில்லுக்கு யாருடைய பெயர் என்றும் அவவிடம்தான் கேட்டார். இப்போது முறுக்கினவுடன் இழுக்குது. குறையென்றால், இருக்க இடமில்லை, சனிக்கிழமையில் இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேணும். கிழமை நாளில் காலமை வெள்ளனப் போங்கோ. கழற்றின சாமானை உங்கட கையிலேயே தருவார்கள்.