லீவுக்குப் போன இடத்தில் ஒரு பழைய மினி டிராக்டர்

திருவட்டார் பக்கம் எங்கள் விளை ரெண்டு ஏக்கர் சொச்சம். தென்னை, இடையில் வாழை, கீழ்த்தட்டில் மரச்சீனி, அதாவது மரவள்ளி. குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. புல்லும் அதற்கேற்ப வருஷத்துக்கு ரெண்டு தடவை இடுப்பளவு நிற்கும். வெட்ட ஆள் கிடைப்பதே பாடு. குவைத்தில் நைட் டியூட்டி முடிந்து ஃபோனை எடுத்தால் அம்மா இந்தப் புல்லைப் பற்றித்தான் பேசுவாள். அதனால் இந்த லீவில் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு பழைய டிராக்டர் தேடக் கிளம்பினேன்.

வாடகைக்கு வரும் 45 ஹெச்பி வண்டி எங்கள் கேட்டுக்குள்ளேயே நுழையாது. நுழைந்தாலும் தட்டுகளுக்கு இடையே இருக்கும் கய்யாலை என்ற வரப்புச் சுவரை இடித்துத்தான் அடுத்த தட்டுக்கு இறங்கும். ஆகவே ஒரு மீட்டர் அகலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மினி வண்டிதான் சரிப்படும். மஹிந்திரா யுவராஜ் 215 மாதிரி 15 ஹெச்பி, ஒற்றை சிலிண்டர் வண்டி நாஞ்சில் நாட்டுச் சமதளத் தோப்புக்குத் தாராளமாகப் போதும். எங்கள் இடம் சரிவு. மழை பெய்தால் செம்மண் வழுக்கும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கடைசியில் முடிவானது குபோட்டா நியோஸ்டார் ஏ211என், 21 ஹெச்பி, மூன்று சிலிண்டர்.

தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் சிறிய வண்டி விற்பனைக்கு வருவது அபூர்வம். புரோக்கர்கள் வெளியூரிலிருந்து கொண்டு வருகிறார்கள். திராட்சைத் தோட்டங்களில் ஓடிய மகாராஷ்டிரா வண்டிகளும் வருகின்றன. விலை கேட்டது நான், பதில் வந்தது சித்தப்பாவுக்கு. "சார், அக்காகிட்ட சொல்லுங்க, இதுக்குக் கீழே கட்டுப்படியாகாது" என்று என் முன்னாலேயே ஒருவர் சொன்னார். குவைத் என்ற சொல் காதில் விழுந்ததும் விலை ஒரு படி ஏறியதையும் பார்த்தேன்.

பேரம் பேசப் பிடிப்பு ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. புதுசின் விலை இறங்கியபின் பழசுக்குப் பழைய கணக்கையே சொல்கிறார்கள். புது வண்டியின் இன்றைய விலையை ஷோரூமில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். பேச்சு சுருக்கமாக முடியும்.

இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழு மதிப்பு கிடைத்தது மெக்கானிக்கிடம்தான். குலசேகரத்திலிருந்து கூட்டிப் போனோம். வந்தவர் சாவியைக் கேட்கவில்லை, பானெட்டுக்குள் கையை விட்டு எஞ்சினைத் தொட்டார். சூடாக இருந்தது. "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. ஆறட்டும், டீ குடிப்போம்" என்றார். ஆறியபின் போட்டால் நீலப்புகை. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார், குபுகுபுவென்று ஆவி. பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி, அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

நாங்கள் வாங்கிய வண்டியில், பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். கீழே இறங்கவில்லை, ஹைட்ராலிக் நன்றாக இருக்கிறது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தார். பின் ஆக்ஸில் ஓரம் விரலை ஓட்டி ஆயில் கசிவு தேடினார். வயலில் தொழி அடித்த, அதாவது சேற்றில் உழுத வண்டியென்றால் அந்த சீல்கள்தான் முதலில் போகுமாம். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை அவர் பெரிதாக நம்பவில்லை. "மீட்டர் ஒயரைக் கழட்டலாம், பெடல் தேய்மானத்தை மாத்த முடியுமா?"

அடுத்தது பேப்பர். லீவில் வருபவர்களைச் சாப்பிடுவது இதுதான். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டதும் ஃபைனான்ஸ் இன்னும் நீங்கவில்லை என்று தெரிந்தது. கடன் கட்டி முடித்தாயிற்று என்று விற்றவர் சத்தியம் செய்தார், உண்மையும் அதுதான். ஆனால் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்ஓசி) படிவம் 35-ம் இல்லாமல் வண்டியின் பதிவுச் சான்றில் (ஆர்சி) அந்த வரி அழியாது. ஒரு கையெழுத்துக்கு அந்தக் கிளையில் எங்களை நன்றாகவே நடக்கவிட்டார்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வண்டி வேறு மாநிலத்தது என்றால் அந்த ஊர் ஆர்டிஓ தரும் படிவம் 28 என்ஓசியும் வேண்டும். குறுகிய லீவில் அது ஆகாத காரியம். அதனால்தான் விலை குறைவாக இருந்தும் மகாராஷ்டிரா வண்டியைத் தொடவில்லை.

பட்டா அம்மா பெயரில் இருப்பதால் ஆர்சியையும் அம்மா பெயரிலேயே போட்டோம். ஓடிபி ஊர் நம்பருக்கு வரவேண்டும் என்பதும் ஒரு காரணம். வெளிநாட்டு நம்பரை வைத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் நிற்பதைவிட வீட்டில் இருந்துவிடலாம். மார்த்தாண்டம் ஆர்டிஓவில் கவுன்டரில் இருந்த பெண் எங்கள் படிவத்தில் விடுபட்ட இடங்களைப் பென்சிலில் குறித்துக் கொடுத்தார். வாசலில் ஏஜென்ட் கேட்ட தொகை மிச்சம்.

புரோக்கர் ஒரு டிரெய்லரையும் "சும்மா வச்சுக்கோங்க" என்றார். டிரெய்லருக்குத் தனிப் பதிவு, தனி இன்ஷூரன்ஸ் உண்டு. அதற்கு எதுவுமே இல்லை. வேண்டாம் என்றுவிட்டோம்.

ஒரு ஏக்கருக்குள் இருப்பவர்கள் வாங்கவே வேண்டாம் என்பேன். உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்குப் பதியலாம். தென்னையின் அடியைச் சுற்றி ஆறடிக்கு ரொட்டவேட்டரை எப்படியும் விடக்கூடாது, வேர் அறுந்துபோகும். அந்த இடத்துக்குக் கையில் பிடிக்கும் புல் வெட்டும் மெஷின்தான்.

வண்டியைப் பக்கத்து வீட்டுத் தம்பி ஓட்டுகிறான். கார் லைசென்ஸ் போதும். சரிவில் குறுக்கே ஓட்டாதே, மேலும் கீழுமாக ஓட்டு என்று மெக்கானிக் அவனுக்கு ரெண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். டீசல் அம்மா செலவு, ஓட்டுகூலி மணிக்கு இவ்வளவு என்று பேசியாயிற்று. அவன் வீட்டு விளையை உழுவதற்குக் கூலி கிடையாது, டீசல் மட்டும் அவன் போட்டுக்கொள்ள வேண்டும்.