பாம்பன் உப்புக்காற்றில் ஒரு சட்டைப்பை கேமரா

ஒலிம்பஸ் டிஜி-6 கேமராவை நான் வாங்கியது படத்தின் தரத்தைப் பார்த்து இல்லை. 2019-இல் வந்த மாடல், 12 மெகாபிக்சல், உள்ளே இருப்பது மிகச் சின்ன சென்சார். விவரப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் இன்றைய நல்ல போன்கள் பல இதைத் தாண்டிவிடும். ஆனாலும் சில வருடமாக பாம்பனில் என் சட்டைப்பையை விட்டு இது இறங்கவே இல்லை.

காரணம் உப்பும் மணலும்தான். ஆனி, ஆடியில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் வாயைத் திறக்க முடியாது, மணல் அறையும். பெரிய கேமராவைப் பையிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள், கரையில் நின்று இழுக்கிற கரைவலை கரையேறிவிடும். லென்ஸ் வெளியே நீளுகிற சின்ன கேமராக்களும் இங்கே சரிப்படாது. அந்தக் குழாய் இடுக்கில்தான் மணல் முதலில் போய் உட்காரும். டிஜி-6-இல் ஜூம் செய்தாலும் எதுவும் வெளியே வருவதில்லை. லென்ஸ் முழுக்க உடம்புக்குள்ளேயே நகர்கிறது, முன்னால் ஒரு கண்ணாடி மட்டும்தான். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாதபடி இதை அடைக்க முடிந்ததற்கு அந்த அமைப்பும் ஒரு காரணம். பேட்டரி, கார்டோடு சேர்த்து எடை 253 கிராம்.

சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுத்துவிட்டு வரும் அக்காக்களை இதில் நிறைய எடுத்திருக்கிறேன். பெரிய லென்ஸைத் தூக்கினாலே முந்தானையைச் சரிசெய்துகொண்டு வரிசையாக நின்றுவிடுவார்கள். இதைப் பார்த்து அப்படி யாரும் நிற்பதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா கேட்டார்: "தம்பி, நனைஞ்சிராதா அது?"

"நனைஞ்சா ஒண்ணும் ஆகாதுக்கா, இந்தாங்க."

விரலில் சுற்றியிருந்த துணியைக்கூட அவிழ்க்காமல் ஈரக்கையோடு வாங்கி, பக்கத்தில் சாக்கைச் சுமந்து நின்ற தன் கூட்டாளியை எடுத்தார். அந்தப் படத்தில் இருக்கிற சிரிப்பை என்னால் எடுக்கவே முடியாது. கேமராவை இன்னொருவர் கையில் தயங்காமல் கொடுக்க முடிகிறதே, எனக்கு அதுதான் இதன் பெரிய குணம்.

வசதிகளில் நான் அதிகம் பயன்படுத்துவது ப்ரோ கேப்சர். பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் கேமரா படங்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டே இருக்கும்; முழுசாக அழுத்தியதும் அதற்கு அரை நொடி முன்னால் நடந்ததிலிருந்து பதிவாகிவிடும். வீச்சுவலை காற்றில் முழு வட்டமாக விரிவது ஒரு கணம்தான். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் வலை தண்ணீரில் விழுந்திருக்கும். இந்த அரை நொடிக் கடன் அந்த வட்டத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. அப்புறம் மைக்ரோஸ்கோப் முறை. 1 சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம் என்பதால் வலைக்கண்ணில் ஒட்டிய ஒரு மீன் செதிலின் வளையக் கோடுகள்கூடத் தெளிவாக வருகின்றன.

வெளிச்சம் குறைந்தால் மட்டும் திணறும். விடியுமுன் நடக்கும் மீன் ஏலத்தில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். அந்த நேரத்தில் நான் போனைத்தான் எடுக்கிறேன். நடுப்பகலில் வெள்ளை மணலில் நின்றால் திரையே தெரியாது, கண்ணை வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டரும் கிடையாது, குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். ஜூம் 35 மி.மீ. கேமரா கணக்கில் 25-லிருந்து 100 மி.மீ., அதாவது நாலு மடங்குதான் என்பதால் தனுஷ்கோடிப் பக்கம் வரும் பூநாரைகளை எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஆகாது.

பராமரிப்பில் சோம்பல் கூடாது. கடலில் இறக்கிய அன்றே ஒரு வாளி நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பொத்தான்களை அதிலேயே அழுத்தி அழுத்தி விடுங்கள். உப்பு காய்ந்து இறுகினால் பொத்தான் மக்கர் பண்ணும். பேட்டரி மூடி, கேபிள் மூடி இரண்டையும் கரையில் வைத்துத் திறக்கவே வேண்டாம். ரப்பர் விளிம்பில் ஒரு தலைமுடியோ ஒரு மணல் துகளோ மாட்டினாலே போதும், தண்ணீர் உள்ளே போக வழி கிடைத்துவிடும். நான் வீட்டில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, அந்த விளிம்பைத் துணியால் துடைத்த பிறகுதான் மூடுவேன்.

புதிதாக வாங்குவதென்றால் 2023-இல், ஒலிம்பஸ் கேமராக்களுக்கு இப்போதுள்ள ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வந்த டிஜி-7-ஐப் பாருங்கள். யுஎஸ்பி-சி வந்திருக்கிறது, படத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். பழையதை வாங்கினால் ரப்பர் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. மழைக்கும் அலைத் தெறிப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதோடு முங்க வேண்டாம்.